ஒரே சேசிஸில் பல பிளேடு சர்வர்கள்: நிறுவுதல், ஃபார்ம்வேர் ஏற்றுதல், பழுது பார்த்தல்

தனித்தனி ரேக் சர்வர்களோடு பழகிய ஒருவர் பல சர்வர்களை ஒரே கூட்டில் பலகைகளாகச் செருகும் பிளேடு சேசிஸின் முன் முதன்முறையாக நிற்கும்போது, அவரது பழக்கங்களில் பாதி அங்கே செல்லாது. மின்சாரம், குளிர்காற்று, நெட்வொர்க், நிர்வாகம் ஆகிய நான்கும் அதிலுள்ள எல்லாச் சர்வர்களுக்கும் பொது. ஆகவே ஒன்றுக்காகச் செய்யும் வேலை மற்றவை அனைத்தையும் தொட்டுவிடக்கூடும். எதைக் கழற்றினாலும், எதற்குப் புதிய ஃபார்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றினாலும், இதை நம்பி இன்னும் எந்தெந்தச் சர்வர்கள் ஓடுகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கற்றுத்தர ஆளில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டாத பல கையேடுகளைப் புரட்டி நான் சேர்த்துக்கொண்டவற்றை, புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

நான் அடிப்படையாகக் கொள்வது ஹெச்பிஇ நிறுவனத்தின் பிளேடுசிஸ்டம் சி7000 சேசிஸ். இதைவிடப் புதிய சேசிஸ்கள் வந்துவிட்டபோதிலும், பல சர்வர் அறைகளில் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பயிற்சிக்கூடங்களுக்காகப் பழைய பொருளாக வாங்குகிறவர்களும் இதைத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். பிற நிறுவனங்களின் சேசிஸ்களில் பெயர்கள் மாறும். வேலையின் வரிசை அவ்வளவாக மாறாது.

1. முதலில் காகிதங்கள்

சேசிஸ் வந்து இறங்குவதற்கு முன்பே ஆதரவு ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். 2014 பிப்ரவரி முதல், இந்த நிறுவனத்தின் சர்வர்களுக்கான ஃபார்ம்வேர் தொகுப்பையும் பயாஸ் புதுப்பிப்புகளையும் பதிவிறக்க, உத்தரவாதக் காலம் நடப்பில் இருக்க வேண்டும் அல்லது ஆதரவு ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது. அதன் எண்ணை உங்கள் பெயரிலுள்ள இணையக் கணக்கோடு இணைத்திருக்கவும் வேண்டும். இந்த இணைப்பு நடக்காத காரணத்தால், பராமரிப்புக்கு அனுமதி வாங்கிய இரவில் கோப்பு இறங்காமல் கை பிசைந்து நிற்பவர்கள் பலர். பழைய பொருளாக வாங்குகிறவர்கள், ஒப்பந்தம் போடும் செலவை வன்பொருளின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலை பேச வேண்டும்.

அடுத்ததாக, சேசிஸ், ஒவ்வொரு பிளேடு, ஒவ்வொரு நெட்வொர்க் மாட்யூல் ஆகியவற்றின் வரிசை எண்ணையும் தயாரிப்பு எண்ணையும் ஒரு விரிதாளில் எழுதுங்கள். நிர்வாக மாட்யூலான ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டரில் (இனி ஓஏ) ஒரு சிறு அட்டை தொங்கும்; தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் அதில் அச்சிடப்பட்டிருக்கும். சேசிஸை ரேக்கில் ஏற்றி, கேபிள்களை மாட்டிய பிறகு பின்பக்கம் குனிந்து அந்த அட்டையைப் படிப்பது பெரும்பாடு. பெட்டியைப் பிரித்தவுடன் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய பொருள் விற்கும் வியாபாரி ஒருவர் எனக்கு அனுப்பிய இரண்டு ஓஏக்களிலும் அந்த அட்டை இல்லை. அப்படி நேர்ந்தால் சீரியல் கேபிளை மாட்டி, ஓஏயை ரீசெட் செய்து, தொடக்கத்தில் சில நொடிகள் மட்டும் தெரியும் பட்டியலில் 'எல்' விசையை அழுத்தினால் கடவுச்சொல்லை மீட்கும் நிலைக்குச் செல்லும். அதற்கென 'நல் மோடம்' (null modem) எனப்படும் சீரியல் கேபிள் ஒன்றும், யூஎஸ்பி வழியாக அதைக் கணினியில் சேர்க்கும் மாற்றியும் உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

2. இடம், எடை, மின்சாரம்

சி7000 பத்து யூனிட் உயரம் கொண்டது. 42 யூனிட் ரேக்கில் நான்கு வைக்கலாம் என்று காகிதத்தில் கணக்கு சரியாகவே வரும். நிறைவாக நிரப்பிய ஒரு சேசிஸ் 200 கிலோவைத் தாண்டும் என்பதையும், உயர்த்திய தளத்தின் ஓடுகள் எவ்வளவு தாங்கும் என்பதையும் கட்டடத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே அந்தக் கணக்கை நம்ப வேண்டும். ஏற்றும்போது பிளேடுகள், பவர் சப்ளைகள், விசிறிகள், பின்பக்க மாட்யூல்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு வெறும் கூட்டை மட்டும் தூக்குங்கள். அப்போதும் நான்கு பேராவது வேண்டும், தூக்கி இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. ரேக்கின் அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கி நிரப்புவதே பாதுகாப்பு.

மின்சாரத்தில்தான் பலரின் கணக்கு தவறுகிறது. ஒற்றை ஃபேஸ் சேசிஸின் பின்பக்கம் ஆறு சி20 நுழைவாய்கள் இருக்கும்; ஆகவே ரேக்கின் மின்பகிர்வுப் பட்டையான பிடியூவில் சி19 வாய்கள் தேவை. சாதாரண சர்வருக்கான சி13 வாய்கள் மட்டுமே கொண்ட பிடியூவை வாங்கி வைத்திருந்தால் அது இங்கே பயன்படாது. 2,400 வாட் பவர் சப்ளைகள் ஆறு இருந்து, இரு மின்வழிகளில் ஒன்று போனாலும் சேசிஸ் ஓட வேண்டும் என்று அமைத்தால், உங்கள் உண்மையான கையிருப்பு மூன்று சப்ளைகளின் 7,200 வாட் மட்டுமே. அதற்கும் இன்னொரு எல்லை உண்டு: 230 வோல்ட், 32 ஆம்பியர் கொண்ட ஒற்றை ஃபேஸ் வழி ஒன்று தரக்கூடியது ஏறத்தாழ 7.3 கிலோவாட், பிரேக்கரை எண்பது சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஏற்றக்கூடாது என்ற வழக்கப்படி பார்த்தால் கைக்கு வருவது 6 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. சேசிஸ் தர முடிந்ததைவிட உங்கள் சுவர் தருவது குறைவாக இருந்தால், ஓஏயில் நிலையான மின் வரம்பு ஒன்றை அமைத்துவிடுங்கள். ஒரு வழி போய் முழுச் சுமையும் மறு வழியில் விழும் நேரத்தில் அந்த பிரேக்கரும் விழுந்தால், பதினாறு சர்வர்களும் ஒரே கணத்தில் அணையும்.

கேபிள் போடும்போது 1, 2, 3 எண் சப்ளைகள் ஒரு பிடியூவுக்கும் 4, 5, 6 எண் சப்ளைகள் மற்றொன்றுக்கும் போக வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி மாட்டக்கூடாது. நான்கு சப்ளைகள் மட்டுமே இருந்தால் 1, 2, 4, 5 ஆகிய இடங்களில் வையுங்கள்.

மின்பணியாளரைக் கொண்டு புதிய 32 ஆம்பியர் வழி இழுப்பது, யூபிஎஸ்ஸில் இடம் பெறுவது, குளிரூட்டலுக்கு ஒப்புதல் வாங்குவது ஆகியவை பல வாரங்கள் எடுக்கும் வேலைகள். சேசிஸுக்கான ஆர்டர் கொடுக்கும் அன்றே இவற்றையும் தொடங்கிவிடுங்கள்.

3. விசிறிகளும் வெற்று மூடிகளும்

பத்து விசிறிகளையும் மாட்டிவிட்டால் இந்தப் பகுதியை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. குறைத்து மாட்டினால் விதி கடுமையானது: நான்கு விசிறிகளை வைத்துக்கொண்டு 1, 2, 9, 10 ஆகிய ஸ்லாட்டுகளில் மட்டுமே, அதிலும் இரண்டு பிளேடுகள் வரை மட்டுமே இயக்கலாம், ஆறு விசிறிகள் இருந்தால் 1 முதல் 4 வரையிலும் 9 முதல் 12 வரையிலும் இயக்கலாம், எல்லா ஸ்லாட்டுகளுக்கும் குறைந்தது எட்டு வேண்டும். விசிறிகளுக்கும் குறித்த இடங்கள் உண்டு, கண்ட இடத்தில் செருகினால் ஏற்காது. பழைய சேசிஸ்களைச் சில விசிறிகளை உருவிவிட்டு விற்கிறார்கள் என்பதால், வாங்கும்போது எண்ணிப் பார்த்து வாங்குங்கள். காலியான ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வெற்று மூடி இருந்தாக வேண்டும். திறந்து கிடக்கும் ஒரு ஸ்லாட்டின் வழியே காற்று தப்பி ஓடி, பக்கத்துப் பிளேடுகளைச் சூடேற்றும்.

4. ஓஏயை அமைத்தல்

இரண்டு ஓஏ மாட்யூல்களை மாட்டுங்கள். ஒன்று இயங்கும், மற்றது காத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே ஃபார்ம்வேர் பதிப்பு இருக்க வேண்டும். மாறுபட்டால் ஒத்திசைக்கும் வசதி ஃபார்ம்வேர் பக்கத்திலேயே இருக்கிறது. முகவரி கொடுப்பதற்கு மடிக்கணினி தேவையில்லை. சேசிஸின் முன்புறம் உள்ள சிறு திரையில் அம்புக்குறிப் பொத்தான்களாலேயே அமைத்துவிடலாம்.

பிறகு செய்ய வேண்டியது ஸ்லாட்டுவாரியாக ஐபி முகவரி ஒதுக்குவது. ஈபிப்பா எனப்படும் இந்த வசதியில், ஒவ்வொரு பிளேடிலும் உள்ள தொலைநிர்வாகச் சில்லான ஐலோவுக்கும் பின்பக்க மாட்யூல்களுக்கும் ஸ்லாட் எண்ணைக் கொண்டே முகவரி போகும். பிளேடை மாற்றினாலும் முகவரி மாறாது. ஸ்லாட் எண்ணும் முகவரியின் கடைசி எண்ணும் பொருந்தும்படி வைத்துக்கொண்டால், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்திலும் தவறான சர்வரை அணைக்க மாட்டீர்கள். ஸ்லாட்டுகளின் எண் வரிசையையும் இங்கேயே மனத்தில் பதியுங்கள்: மேல்வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ்வரிசையில் 9 முதல் 16. அதாவது ஒன்றாம் பிளேடுக்கு நேர் கீழே இருப்பது ஒன்பதாம் பிளேடு. பின்பக்கம் போனால் இடமும் வலமும் மாறித் தெரியும் என்பதால், கழற்றுவதற்கு முன் ஓஏயிலிருந்து அந்தப் பாகத்தின் நீல அடையாள விளக்கை எரியவிட்டு, அது எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அமைப்பு முடிந்தவுடன் 'ஷோ கான்ஃபிக்' கட்டளை தரும் வரிகள் முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து, சேசிஸுக்கு வெளியே வையுங்கள். அது வெறும் அறிக்கை அல்ல. புதிய ஓஏயில் அப்படியே திருப்பி ஓட்டக்கூடிய ஸ்கிரிப்ட். கடவுச்சொற்கள் அதில் வராது என்பதால் அவற்றைத் தனியே பாதுகாக்க வேண்டும்.

5. நெட்வொர்க் வரைபடமும் விர்ச்சுவல் கனெக்ட்டும்

அரை உயரப் பிளேடில் உள்ளமைந்த நெட்வொர்க் போர்ட்டுகள் பின்பக்கத்தின் 1, 2 எண் மாட்யூல்களுக்குப் போகின்றன; முதல் மெஸ்ஸனைன் அட்டை (பிளேடுக்குள் செருகும் கூடுதல் அட்டை) 3, 4க்கும், இரண்டாவது அட்டை 5 முதல் 8 வரையிலும் போகிறது. இந்த இணைப்பு, பிளேடுகளையும் பின்பக்க மாட்யூல்களையும் நடுவில் இணைக்கும் மிட்பிளேன் பலகையில் நிலையாக அமைந்தது. கேபிளை மாற்றி மாட்டித் திருத்த முடியாது. ஸ்டோரேஜோடு இணைக்கும் ஃபைபர் சேனல் அட்டையை முதல் மெஸ்ஸனைனில் வைத்துவிட்டு, ஃபைபர் சேனல் மாட்யூலை 5, 6இல் வாங்கி வைத்தால், ஓஏ பொருந்தவில்லை என்று காட்டுமே தவிர ஸ்டோரேஜ் தெரியாது. கொள்முதல் ஆணையில் 'எந்த அட்டை, எந்த மெஸ்ஸனைன், எந்த ஸ்லாட்' என்ற வரிசை எழுதப்பட்டிருந்தால் இந்தத் தகராறு வராது.

பின்பக்கத்தில் விர்ச்சுவல் கனெக்ட் எனப்படும் ஹெச்பிஇயின் நெட்வொர்க் மாட்யூல்கள் இருந்தால், சர்வரின் மேக் முகவரியும் ஸ்டோரேஜ் முகவரியும் பிளேடிலிருந்து வராமல், ஸ்லாட்டுக்கு ஒதுக்கிய அமைப்புத் தொகுதியான புரொஃபைலிலிருந்து வரும்படி செய்யலாம். பிளேடு பழுதானால் இன்னொன்றை அதே ஸ்லாட்டில் செருகியவுடன் பழைய முகவரிகளோடு அது எழுந்துவிடும் என்பது பெரிய வசதி. இதில் புதியவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. முதலில் இயங்குதளத்தை நிறுவிவிட்டுப் பிறகு புரொஃபைல் போட்டால் மேக் முகவரிகள் மாறி, நெட்வொர்க் அட்டைகளின் பெயர்கள் குழம்பி, அந்த முகவரியோடு கட்டிய மென்பொருள் உரிமங்களும் செல்லாமல் போகக்கூடும். புரொஃபைலை முதலில் போடுங்கள். அதுவும் பிளேடு அணைந்திருக்கும்போது போடுங்கள்.

ஒவ்வொரு சர்வரின் நெட்வொர்க்கும் இரு மாட்யூல்களின் வழியாகவும் போகிறதா என்பதை, சேசிஸில் உண்மையான வேலைகள் ஏறுவதற்கு முன்பே வெளி ஸ்விட்சுக்குப் போகும் ஒரு மாட்யூலின் மேலிணைப்புகளைக் கழற்றிச் சோதியுங்கள். பின்னால் ஃபார்ம்வேர் ஏற்றும் நாளில் இந்தச் சோதனையின் அருமை தெரியும்.

6. பிளேடைச் செருகுதல்

செருகுவதற்கு முன் பிளேடின் பின்புறக் கனெக்டரை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிகள் எல்லாம் ஒரே வரிசையில் மின்ன வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும் வெளிச்சத்தைச் சாய்க்கும்போது அந்த இடம் மட்டும் மங்கித் தெரியும். வளைந்த ஊசியோடு அழுத்திச் செருகினால் மிட்பிளேன் கெடும், மிட்பிளேனை மாற்ற வேண்டுமானால் சேசிஸ் முழுவதையும் அணைக்க வேண்டும். நெம்புகோலைத் திறந்து வைத்து, பிளேடு அழுத்தமின்றி நழுவிப் போகும்படி நேராகத் தள்ளுங்கள். கடைசி அங்குலத்தில் மட்டுமே நெம்புகோலை மூடுங்கள். தடை தென்பட்டால் வெளியே எடுத்துப் பாருங்கள்.

செருகியவுடன் பிளேடு எழாது. ஐலோ முதலில் எழுந்து, ஓஏயிடம் மின்சாரம் கேட்டு, ஒப்புதல் பெற வேண்டும். அதுவரை பவர் பொத்தான் ஆம்பர் நிறத்தில் இருக்கும். சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்.

7. ஃபார்ம்வேர் ஏற்றுதல்

ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்கும் மேலாளருக்கு இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். 2019 நவம்பரில் ஹெச்பிஇ வெளியிட்ட அறிவிப்பின்படி, அதன் சில சாஸ் வகை எஸ்எஸ்டி வட்டுகள், ஹெச்பிடி8க்கு முந்தைய ஃபார்ம்வேரில், 32,768 மணி நேரம் ஓடியவுடன் செயலிழந்தன; தரவும் மீளவில்லை. 2020இல் இதே போன்ற இன்னோர் அறிவிப்பு 40,000 மணி நேர எல்லையோடு வந்தது. முதல் எல்லையான 32,768 மணி நேரம் என்பது மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். பகிர்ந்த சேசிஸில் எல்லாப் பிளேடுகளும் ஒரே நாளில் இயக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்கொன்று காப்பாக ஒரே தரவைத் தாங்கி ரெய்டில் உள்ள இரு வட்டுகளும் ஒரே மணிக்கணக்கைக் காட்டும். ஆகவே ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது செய்தி, 2.53க்கு முந்தைய ஐலோ 4 பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய வழி இருந்தது என்பது. ஜென்8, ஜென்9 பிளேடுகளில் இருப்பது ஐலோ 4.

வரிசை முக்கியம். பொதுவாக முதலில் ஓஏ. மற்றவற்றின் வரிசையை உங்கள் பதிப்புக்கான வெளியீட்டுக் குறிப்பிலிருந்து எடுத்து, மாற்ற அனுமதிப் படிவத்தோடு இணைத்துவிடுங்கள். ஓஏ, விர்ச்சுவல் கனெக்ட், பிளேடு ஆகிய மூன்றும் சேர்த்துச் சோதிக்கப்பட்ட ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள். ஒன்றை மட்டும் ஆக அண்மைப் பதிப்புக்குக் கொண்டுபோகும் ஆசை வேண்டாம்.

ஓஏ புதுப்பிப்பு ஓடும் சர்வர்களைப் பாதிக்காது. ஓஏ மறுதொடக்கம் செய்யும்போது விசிறிகள் சட்டென்று இரைந்து ஓடலாம், உலாவித் தொடர்பு அறுந்துபோகும். இரண்டையும் கண்டு பதறி மாட்யூலை உருவிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

விர்ச்சுவல் கனெக்ட்டுக்கு விசிஎஸ்யூ என்ற தனிக் கருவி உண்டு. அதைத் தொடும் முன் டொமைன் அமைப்பின் காப்புக் கோப்பை இறக்குங்கள். பிறகு அதே கருவியின் நலச் சோதனையை ஓட்டி, எல்லா மாட்யூல்களும் நலம் என்று வந்தால் மட்டும் தொடருங்கள். செயல்படுத்தும் முறையில் ஒற்றை-இரட்டை என்பதைத் தேர்ந்தால் ஒரு பக்கம் எழுந்த பிறகே மறுபக்கம் மறுதொடக்கம் ஆகும். இணையாக என்பதைத் தேர்ந்தால் நேரம் மிச்சமாகும், ஆனால் எல்லாச் சர்வர்களின் நெட்வொர்க்கும் ஒருசேர அறும். ஐந்தாம் படியில் சொன்ன சோதனையைச் செய்யாமல் ஒற்றை-இரட்டையை நம்பினால், ஒரே மாட்யூலில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் சர்வர் எது என்பது பயனர்களின் தொலைபேசி அழைப்புகள் வழியாகத் தெரிய வரும். ஒரு ஜோடிக்கு ஒன்றரை மணி நேரமாவது அனுமதி வாங்குங்கள்.

பிளேடுகளுக்கு எஸ்பிபி எனப்படும் ஃபார்ம்வேர் தொகுப்பின் ஐஎஸ்ஓ கோப்பை ஐலோ வழியே மாட்டித் தொடங்குவது எளிது. கோப்பு பல ஜிகாபைட் என்பதால் தொலைவிலிருந்து மாட்டினால் மிக மெதுவாக ஓடும், சேசிஸ் இருக்கும் அதே நெட்வொர்க்கில் உள்ள கணினியிலிருந்து மாட்டுங்கள். தலைமுறைக்கேற்ற தொகுப்பா என்று பாருங்கள். பிளேடு ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று கொள்ளுங்கள்; நினைவகம் அதிகமுள்ள பிளேடு ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் நெடுநேரம் எடுக்கும். நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் ஃபார்ம்வேர் எழுதப்படுகிறது, அல்லது யாரோ தொலைவிலிருந்து வேலை செய்கிறார்கள் என்று பொருள். அந்தப் பிளேடைத் தொடக்கூடாது. நெட்வொர்க் அட்டையின் ஃபார்ம்வேரை ஏற்றியவர்கள் இயங்குதளத்தில் அதற்குரிய டிரைவரையும் ஏற்ற வேண்டும். விஎம்வேர் பயன்படுத்துகிறவர்கள் ஹெச்பிஇக்கென்று தயாரித்த நிறுவல் கோப்பையே பயன்படுத்துவது நல்லது.

8. பழுது பார்த்தல்

பிளேடு இயங்க மறுத்தால், பிளேடைச் சந்தேகிப்பதற்கு முன் சேசிஸைச் சந்தேகியுங்கள். ஓஏயின் மின் பக்கத்தில் மீதமுள்ள கையிருப்பைப் பாருங்கள்; ஒரு பவர் சப்ளை செத்துவிட்டதால் புதிய பிளேடுக்குக் கொடுக்க மின்சாரம் இல்லாமல் போயிருக்கலாம். அடுத்து விசிறி விதியைப் பாருங்கள். அடுத்து ஓஏ உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள்: இரண்டு ஓஏக்களும் இல்லாவிட்டாலும் ஓடும் பிளேடுகள் தொடர்ந்து ஓடும், ஆனால் புதிதாகச் செருகியது எழாது.

ஐலோ பதில் சொல்லவில்லை என்றால், முதலில் முகவரி ஒதுக்கீட்டைச் சரிபாருங்கள். பிறகு ஓஏயின் கட்டளை வரியிலிருந்து 'ரீசெட் ஐலோ' என்பதை ஸ்லாட் எண்ணோடு கொடுங்கள். இதனால் சர்வரில் ஓடும் வேலை நிற்காது. அதற்கும் மசியாவிட்டால் 'ரீசெட் சர்வர்' என்ற கட்டளை உண்டு. பெயர் சாதுவாகத் தெரிந்தாலும் அது அந்த ஸ்லாட்டுக்கான மின்சாரத்தையே துண்டித்துத் திரும்பக் கொடுக்கும். பிளேடைக் கையால் உருவிச் செருகியதற்குச் சமம். இயங்குதளத்தை முறையாக அணைத்த பிறகே கொடுங்கள், ஸ்லாட் எண்ணை இருமுறை படியுங்கள். ஐலோ 4 பிளேடுகளில் உள்ளமைந்த ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத முடியவில்லை என்ற பிழை அடிக்கடி வரும்; ஐலோ ஃபார்ம்வேரை ஏற்றி, அந்த நினைவகத்தை ஃபார்மேட் செய்து, பிறகு இந்தக் கட்டளையால் மின்சாரத்தை ஒருமுறை துண்டித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பலகையை மாற்றச் சொல்லும் முன் இதைச் செய்து பாருங்கள்.

விர்ச்சுவல் கனெக்ட் மாட்யூல் 'தொடர்பு இல்லை' என்று காட்டினால், யாராவது ஓஏயில் பின்பக்க மாட்யூல்களின் முகவரியை மாற்றினார்களா என்று விசாரியுங்கள். அந்த நிலையிலும் சர்வர்களின் நெட்வொர்க் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அவசரப்பட்டு மாட்யூலைக் கழற்றினால்தான் உண்மையான தடை தொடங்கும்.

9. உதிரிபாகமும் வாயில் சீட்டும்

ஆதரவுக்கு அழைக்கும் முன் இரண்டு கோப்புகளைத் தயாராக வையுங்கள்: ஓஏயின் 'ஷோ ஆல்' வெளியீடும், பழுதான பிளேடின் ஐலோவிலிருந்து இறக்கிய, ஏஹெச்எஸ் எனப்படும் வன்பொருள் நலப் பதிவும். இவை இல்லாமல் அழைத்தால் முதல் நாள் இவற்றைக் கேட்டு வாங்குவதிலேயே கழியும்.

பாகம் வரும் நேரத்துக்கு முன்பே டேட்டா சென்டரில் உள்ளே வரும் பொருளுக்கும் வெளியே போகும் பொருளுக்கும் தனித்தனி வாயில் சீட்டு எழுதி வாங்குங்கள். பொறியாளரின் அடையாள அட்டை நகலையும் முன்கூட்டியே அனுப்புங்கள். பழுதான பாகத்தைக் குறித்த நாட்களுக்குள் திருப்பாவிட்டால் அதன் முழு விலையும் உங்கள் கணக்கில் ஏறும். வட்டைத் திருப்பித் தரக்கூடாது என்பது உங்கள் அலுவலக விதியானால், பழுதான வட்டை நாமே வைத்துக்கொள்ளும் வசதியை ஒப்பந்தத்திலேயே கூடுதல் கட்டணத்தில் வாங்கியிருக்க வேண்டும். வட்டு போன பிறகு கேட்டால் கிடைக்காது.

பிளேடின் மதர்போர்டை மாற்றினால், பொறியாளர் கிளம்பும் முன் பயாஸில் பழைய வரிசை எண்ணும் தயாரிப்பு எண்ணும் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முதல் படியில் தயாரித்த விரிதாளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்திடுங்கள்.